பதினான்காம் ரீல் இல்லாத நாவல்

உத்திரமேரூரில் ஒரே நாவலை ஒரே மாதத்தில் முந்நூறு பேர் படித்து முடித்துவிட்டார்கள் என்று காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒரு வதந்தி என் காதில் விழுந்தது. சொன்னவர் கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துக்கொண்டே, "எங்க ஊரு சார், 'ஏழாம் மதகு' படிக்காத ஆளே கெடயாது" என்றார். "நீங்க படிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். "பின்ன? படத்தவிட நாவல்ல இன்னும் நல்லா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

ஏரி உடைந்தது என்றால் நம்பலாம். சங்கத்தில் யூரியா வந்துவிட்டது என்றால்கூட, மனசைத் திடப்படுத்திக்கொண்டு நம்பலாம். ஓர் ஊர் உட்கார்ந்து நாவல் படிக்கிறது என்றால்? பொறுப்புள்ள எவனும் இதை விசாரிக்காமல் விடமாட்டான். நான் அடுத்த நாளே மறுபடி பஸ் ஏறினேன்.

விசாரித்ததில் அகப்பட்டது முந்நூறு வாசகர்கள் அல்ல. ஓர் இனம். அதற்குப் 'படம் பார்த்த வாசகர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அபூர்வ இனம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? டூரிங் கொட்டகைக்குள் போகும்போது இவர் சாதாரண ரசிகர். முறுக்கு தின்கிறார், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்கிறார், பின்னால் இருப்பவருக்குத் திரை மறைக்கிறது என்ற கவலையில்லாமல் தலையை ஆட்டுகிறார். படம் முடிந்து எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டுகிறார் பாருங்கள், அந்தத் தட்டலில்தான் மாற்றம் நிகழ்கிறது. மணல் உதிர்ந்ததும் ரசிகர் உதிர்ந்துவிடுகிறார். வெளியே வருபவர் வாசகர். "நாவல்ல இதைவிட ஆழமா இருக்கும்" என்று முதல் வாக்கியம் வரும். "அந்த நடை இருக்கே..." என்று இரண்டாவது வாக்கியம் தொடங்கும், முடியாது. அந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணைத் திறந்து பார் என்று கேட்க யாருக்கு மனசு வரும்?

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. இவர் கட்டுரை எழுதுவார். 'நாவலாசிரியர் தம் நூலில் நயம்படக் கூறியுள்ளது போல' என்று ஆரம்பித்து, கதாநாயகி கொட்டகையில் பேசிய வசனத்தை எழுதி, பக்க எண்ணும் போடுவார். பக்க எண் போடுவது தனிக் கலை. நூறு, இருநூறு என்று போட்டால் சந்தேகம் வரும். நூற்று முப்பத்தேழு என்று போட்டால் வராது. இந்த நுட்பம் தெரியாத கற்றுக்குட்டிகள்தான் மாட்டிக்கொள்வார்கள். 'நாவலில் அந்தக் கட்டத்தில் ஒலிக்கும் புல்லாங்குழல் நெஞ்சை உருக்குகிறது' என்று எழுதியவரை நான் அறிவேன். அவருக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது.

படம் பார்ப்பது குற்றமா? இல்லவே இல்லை. நாவல் படிக்காததும் குற்றமில்லை. நம்மில் பெரும்பாலோர் ஒழுங்காக அதைத்தான் செய்து வருகிறோம். படித்ததாகச் சொல்வதுகூட பெரிய குற்றமில்லை. படித்தவரைப் பார்த்து "நீ படிக்கவில்லை" என்று சொல்லுமிடத்தில்தான் இந்த இனத்துக்குக் கொம்பு முளைக்கிறது.

உத்திரமேரூரில் இந்த இனத்தின் தலைமகன் வேதகிரி. உரக்கடை முதலாளி, சோலைத்தமிழ் மன்றத்தின் நிரந்தரத் தலைவர். குடவோலை முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் இது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பெருமையாகப் பேசுவார். அவர் பெயரை எந்த ஓலையில் எழுதி எந்தக் குடத்திலிருந்து எடுத்தார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. மேடையில் செந்தமிழ், கடையில் செங்கல்பட்டுத் தமிழ். மேடைக்கு வரும்போதெல்லாம் இடது கையில் ஒரு புத்தகம், அதற்குள் ஆட்காட்டி விரல். படித்துக்கொண்டிருக்கும்போதே அழைத்து வந்துவிட்டார்கள், பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரப்போகிறார் என்று அர்த்தம். மூன்று வருஷமாக அந்த விரல் ஒரே இடத்தில் இருப்பதாக அவர் கடைக் கணக்கர் சொன்னார்.

யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் போலப் பேசினால், வேதகிரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நீங்கள் படித்தது எந்தப் பதிப்பு?" எதிராளி யோசிப்பார். யோசித்தால் தீர்ந்தது.

'ஏழாம் மதகு' கொட்டகையில் ஒன்பது நாள் ஓடிப் போன கையோடு, நூலக வாரத்துக்காக மன்றம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. தலைப்பு: 'ஏழாம் மதகு: நாவலும் படமும்.' நடுவர் குழுத் தலைவர் வேதகிரி. மற்ற இருவர் தலையாட்டுவதற்கு. பன்னிரண்டு கட்டுரைகள் வந்தன. பன்னிரண்டும் நாவலைப் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டின. அதைக் கேட்டுத்தான் ஊர் முழுக்க நாவல் படித்துவிட்டது என்ற செய்தி பிறந்து, பஸ் ஏறி, என்னிடம் வந்தது.

நான் நேராகக் கிளை நூலகத்துக்குப் போனேன்.

"இன்னா சார், நீங்களும் மதகா?" என்றார் நூலகர் பஞ்சாட்சரம்.

"எத்தனை காப்பி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான்."

"அதையா முந்நூறு பேர் படிச்சாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் வந்து கதய சொல்றாங்களே சார். நான் இன்னாத்துக்கு சந்தேகப்படணும்?"

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நூற்று எண்பத்தெட்டுப் பக்கம். தேதி குத்தும் தாளைத் திருப்பினேன். வெள்ளை வெளேரென்று ஒரு தாள், அதன் உச்சியில் ஒற்றைத் தேதி. ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை.

"இதுல ஒரு விசேஷம் கீது சார்" என்று பஞ்சாட்சரம் குரலைத் தாழ்த்தினார். "அச்சாபீஸ்ல ஓரம் வெட்டாமயே அனுப்பிட்டாங்க. நாப்பத்தெட்டாம் பக்கத்துக்கு அப்பால எல்லாம் ஒட்டிக்கினே இருந்துது. வாங்கி ரெண்டு வருசமாச்சி, யாரும் சொல்லல. அந்தப் பொண்ணுதான் வந்து சொல்லிச்சி. நான் ஸ்கேலு குடுத்தேன், தோ, இந்த பெஞ்சில குந்திக்கினு ஒவ்வொண்ணா கிழிச்சிது."

"எந்தப் பொண்ணு?"

அவர் கண்ணால் வெளியே காட்டினார். நூலக வாசலில் மன்றத்தின் அறிவிப்புப் பலகை. அதில் வேதகிரியின் உருண்டையான கையெழுத்தில்:

'முதல் பரிசு: நான்காம் எண் கட்டுரை, கொலையின் அழகியல். பன்னிரண்டாம் எண் கட்டுரை, நூலைப் படிக்காமலே படித்ததாகப் பொய் சொல்லி, நூலில் இல்லாததை மேற்கோள் காட்டியதால் தள்ளப்பட்டது. எழுதியவர்: ஏ. மலர்க்கொடி.'

மற்றவர்களுக்கு எண் மட்டும். இவளுக்குப் பெயரும் சேர்த்து.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரி மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி மாரி. தன் வயலுக்கு மட்டும் கூடுதல் தண்ணீர் கேட்கிற மிராசுதார். ஏரிக்கரையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. பிறகு மிராசுதார் செத்துக் கிடக்கிறார். மாரி ஜெயிலில் இருக்கிறான். முன்பு வேறு வேலையாக இந்த ஊருக்கு வந்தபோது நானும் அந்தக் கொட்டகையில்தான் படம் பார்த்தேன். மாரி மிராசுதாரைக் கொன்றுவிட்டான். இதில் விளக்க என்ன இருக்கிறது? பதினோரு கட்டுரைகளும் அந்தக் கொலையைத்தான் வியந்தன. 'கொலைக் காட்சியை ஆசிரியர் சொல்லால் செதுக்கியிருக்கிறார், பக். 212' என்று வேதகிரியே போட்டித் தொடக்க உரையில் வழிகாட்டியிருந்தார். நூற்று எண்பத்தெட்டுப் பக்க நூலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கண்டவர் அவர்.

பன்னிரண்டாம் கட்டுரை மட்டும், மாரி கொலை செய்யவில்லை என்றது.

மலர்க்கொடியின் வீடு காலனியின் கடைசி வரிசையில். அவளுக்கு இருபத்திரண்டு வயது, பிளஸ் டூ படித்தவள், பால்வாடியில் உதவிக்கு இருக்கிறாள். அப்பா ஏசுதாஸ் நடவு வயலில் வரப்பு கழித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் முதலில் சிரித்தார்.

"நானுந்தான் சார் சொன்னேன், மாரி அவன போட்டுத் தள்ளிட்டான்னு. நல்லா வேணும்னு கூட சொன்னேன். இந்தப் பொண்ணு இல்லவே இல்லன்னு ஒரு வாரம் என்கூட சண்ட."

"ஏம்மா, உனக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?"

"அவன் தலமுடி சார்" என்றாள் மலர்க்கொடி. "கரையில நின்னு சண்ட போடச்சொல்ல காஞ்ச தல. அடுத்த சீன்ல போலீசு புடிச்சிக்கினு போவுது, தல சொட்டச் சொட்ட நனஞ்சிகீது. மழயும் பெய்யல. கொல பண்ணவன் இன்னாத்துக்கு நனையணும்?"

ஒன்பது நாள், ஒவ்வொரு நாளும் கொட்டகை நிறைய ஆட்கள். அந்தத் தலையைப் பார்த்து ஏன் என்று கேட்ட ஒரே ஆள் இவள்தான். கேட்டதோடு விடாமல் நூலகத்துக்குப் போய், தாளைக் கிழித்து, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை வந்து விடையைப் பிடித்திருக்கிறாள். மிராசுதார் யாருக்கும் தெரியாமல் தானே மதகைத் திறக்கப் போய்ச் சுழலில் விழுகிறார். மாரி அவரைக் காப்பாற்றக் குதிக்கிறான். முடியவில்லை. கரையேறியவனை, நனைந்த தலையோடு பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதைத்தான் அவள் கட்டுரையில் எழுதினாள். சரியான பக்க எண்ணோடு. பன்னிரண்டு பேரில் இவள் ஒருத்தி போட்ட பக்கத்தில்தான், தேடினால் மேற்கோள் கிடைக்கும்.

"சரிம்மா, பரிசு போனா போகட்டும்" என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

"பரிசு யாருக்கு சார் வேணும்? காலனிக்கு முதியோர் கல்வி சென்டரு ஒண்ணு வருது. டீச்சருக்கு என் பேரத்தான் எழுதினுகீறாங்க. விசாரிக்க வந்த ஆபீசர் அந்த போர்ட படிச்சிட்டாரு. பொய் சொல்றவகிட்ட எப்படிம்மா சென்டர குடுக்கறதுன்னு கேட்டாரு. தலைவர்கிட்ட ஒரு லெட்டரு வாங்கியா, திங்கக்கெழமைக்குள்ள, இல்லன்னா வேற ஆள போட்டுடுவேன்னு சொல்லிட்டுப் பூட்டாரு."

அன்று வியாழக்கிழமை.

"போயி கேட்டேன் சார். எந்தப் பதிப்பு படிச்சேன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? முழிச்சேன். பாத்தியா, முழிக்கிறேன்னு அனுப்பிட்டாரு."

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். நாவலில் மாரி குதிக்கிறான். படத்தை எடுத்தவர்கள் மாற்றிவிட்டார்களா? மாற்றியிருந்தால் தலையை ஏன் நனைத்தார்கள்? கொட்டகை ஆபரேட்டர் கன்னியப்பனைத் தேடி நானும் மலர்க்கொடியும் போனோம். பகல் வேளை. மனுஷர் கீற்றைப் பிரித்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். சண்டைக்கும் கைதுக்கும் நடுவே படத்தில் என்ன வரும் என்று கேட்டேன்.

"பதினாலாவது ரீலா?" என்று தலையைச் சொறிந்தார். "அது ஓட்டவே இல்ல சார். நமக்கும் மானாம்பதி கொட்டாய்க்கும் ஒரே பொட்டி. அவங்க ஓட்டி முடிக்க முடிக்க, சைக்கிள்ல எடுத்துக்கினு வருவாங்க. மொத நாளே சைக்கிளு கால்வாயில வுழுந்துடுச்சி. பதினாலு மட்டும் நல்லா முழுகிடிச்சி. நான் கொடி கட்டி துணி மாதிரி காயப்போட்டேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி. அப்பால பதிமூணு முடிஞ்சதும் பதினஞ்ச மாட்டினேன்."

தண்ணீரில் விழுந்தவனைக் காப்பாற்றும் ரீல், காப்பாற்ற ஆளில்லாமல் தண்ணீரில் போயிருக்கிறது.

"ஒன்பது நாளும் யாரும் கேட்கலையா?"

"ஒருத்தர் கேக்கலியே. பாட்டு ரீலு போயிருந்தா கொட்டாய கொளுத்தியிருப்பாங்க சார். இது வெறுங் கததானே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் நடந்ததை வரிசையாகக் கூட்டிப் பார்த்தேன். பதிமூன்றில் ஒரு நீர்க்கட்டி மிராசுதாரோடு சண்டை போடுகிறான். பதினைந்தில் அவன் கையில் விலங்கு. நடுவே ஒரு ரீல் காணவில்லை என்று ஒரு ஊருக்கே தெரியவில்லை. ஏனென்றால் நடுவே ஒன்றும் தேவைப்படவில்லை. நிலம் வைத்திருப்பவர்கள் 'அவன் செய்யக்கூடியவன்தான்' என்று நிரப்பிக்கொண்டார்கள். கூலிக்குப் போகிறவர்கள் 'செய்ய வேண்டியதைத்தான் செய்தான்' என்று நிரப்பிக்கொண்டார்கள். வருஷம் பூரா வாய்க்காலுக்குச் சண்டை போடும் இரண்டு தரப்பும் ஒன்றாக ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், நடக்காத அந்தக் கொலை. நானும் நிரப்பிக்கொண்டேன். எந்தப் பக்கத்து மண்ணைப் போட்டு என்று சொல்ல மாட்டேன்.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேதகிரியிடம் பேச முடியும். ஆனால் நான் அந்த நூலகத்தின் உறுப்பினன் இல்லை. "வெளியூர்க்காரருக்குத் தர முடியாது சார், ரூல்ஸு கீது" என்று பஞ்சாட்சரம் கையை விரித்தார். மலர்க்கொடி தன் கார்டை நீட்டினாள். "என் பேர்ல குத்துங்க சார்." தாளில் இரண்டாவது தேதி விழுந்தது. நாவலின் வாசகர் கூட்டம் இரட்டிப்பானதாகப் பஞ்சாட்சரம் மகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை உரக்கடை. மூட்டைகளுக்கு நடுவே வேதகிரி. யூரியா வாங்க மூன்று நான்கு குடியானவர்கள் நின்றிருந்தார்கள். நான் புத்தகத்தை நீட்டி, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். கால்வாயில் குளித்த ரீல் கதையையும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கினார். பழக்கதோஷம், விரலை உள்ளே விட்டு மூடிக்கொண்டார்.

"இது எந்தப் பதிப்பு?"

"முதற் பதிப்பு. உள்ளே போட்டிருக்கு."

"அப்படிச் சொல்லுங்கள். முதற் பதிப்பு பிழைகள் மலிந்தது. இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் கொலையாகத் திருத்திவிட்டார்."

"இரண்டாம் பதிப்பு இன்னும் வரலையே."

"வரும்போது பாருங்கள்" என்றார்.

இந்தப் பதிலுக்கு நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். கூட வந்திருந்த மலர்க்கொடிக்குத்தான் ரசனை போதவில்லை. கடை வாசற்படிக்குக் கீழே நின்றபடியே, "அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அவன் தல ஏன் நனஞ்சிருந்துது?"

வேதகிரி புத்தகத்திலிருந்து விரலை வெளியே எடுத்தார். புத்தகத்தை என்னிடம் திருப்பி நீட்டினார்.

மூட்டைமேல் சாய்ந்திருந்த குடியானவர் ஒருவர், "தே, ஆமாம்பா. நனஞ்சிதான் இருந்துது. நானும் பாத்தேன்" என்றார்.

"நான் வேர்வைன்னு நெனச்சேன்" என்றார் அடுத்தவர்.

"அவ்ளோ வேர்வையா? இன்னா, மாட்டு மேல தண்ணி ஊத்தன மாதிரி?"

வேதகிரியின் செந்தமிழ் அத்தோடு இறங்கிவிட்டது. "இன்னாய்யா, உங்களுக்கு யூரியா வேணுமா வேணாமா? இங்க இன்னா கொட்டாயா நடக்குது?" என்றவர், மலர்க்கொடி பக்கம் திரும்பி, "ஏம்மா, தலைப்பு நாவலும் படமும். நீ நாவலத்தான் எழுதினே, படத்த எழுதல. அதுவே தப்பு" என்றார்.

"எந்தப் படத்தங்கய்யா எழுதறது? பதிமூணு வரைக்கும் ஒண்ணு ஓடிச்சி. பதினஞ்சிலேர்ந்து ஒண்ணு ஓடிச்சி."

குடியானவர்கள் சிரித்தார்கள். உரக்கடையில் முதலாளியைப் பார்த்துச் சிரிப்பதற்கு, யூரியாத் தட்டுப்பாட்டுக் காலத்தில், எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சிரித்தவர்கள் உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இவர் மன்னிப்புக் கேட்டார் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? அப்படியானால் இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் எழுதியது வீண். படம் பார்த்த வாசகர் தோற்பதில்லை. அவர் தலைப்பை மாற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் சிறப்புச் சொற்பொழிவு: 'காணாமற்போன ரீலும் கதையின் உண்மையும்.' பேசியவர் வேதகிரி. நாவலையும் படத்தையும் வரி வரியாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நடுவே ஏதோ விடுபட்டிருப்பதைத் தம் உள்ளுணர்வு உணர்த்தியது என்றார். நனைந்த தலைமுடியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் குறிப்பிட்டார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சரியான பக்க எண் அதுதான். 'ஒரு மாணவியும் இதை ஓரளவு உணர்ந்திருந்தார்' என்று பெருந்தன்மையாக ஒரு வாக்கியம். கொலையின் அழகியலுக்கு முதல் பரிசு வாங்கியவர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டினார். பரிசைத் திருப்பிக் கேட்பது பண்பாடு அல்ல என்பதால் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பை ஒட்டப் பலகையில் இடம் வேண்டியிருந்தது. பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். 'பொய்' என்ற சொல் அப்படித்தான் போயிற்று. திருத்தம் என்று ஒரு வரி? வருத்தம் என்று அரை வரி? இடமில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வருவதற்குள் மலர்க்கொடிக்கு லெட்டரும் கிடைத்தது. நான் படித்துப் பார்த்தேன். 'செல்வி மலர்க்கொடி எனது நேரடி வழிகாட்டுதலில் மேற்படி நாவலைக் கற்றவர். நாணயமானவர்' என்று எழுதி, மன்ற முத்திரை குத்தியிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இதை வாங்கக் கூடாதும்மா. அவர் முகத்துல வீசிட்டு வந்திருக்கணும்" என்றேன்.

"வீசிட்டு?" என்றாள். "காலனில பதினெட்டு பொம்பளைங்க சிலேட்டு வாங்கி வெச்சிக்கினு குந்தினுகீறாங்க. உள்ள இன்னா எழுதியிருந்தா இன்னா சார், கீழ கையெழுத்து கீது."

சென்டர் நடக்கிறது. பதினெட்டுப் பேரும் படம் பார்த்தவர்கள். அகரம் எழுதிப் பழகி முடித்த கையோடு, தினமும் ஒரு அத்தியாயம் மாரி கதையைக் கேட்டு நச்சரிக்கிறார்களாம். கொல்லாத மாரியை அவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லையாம். குதித்துக் காப்பாற்றப் போனவனையா உள்ளே போட்டார்கள் என்று கேட்டபோது, பிடித்துப்போயிற்றாம். வாயால் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"படிச்சிட்டீங்களா சார்?"

"படிச்சேன்மா. அருமை."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"மாரி பொண்டாட்டி கடைசில அந்த மதக இன்னா பண்ணா?"

நான் வராத பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "மெதுவா படிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் ஏன் இப்போது என்னைப் பார்த்து இளிக்கிறீர்கள்? நாளைக்கு டீக்கடையில் யாராவது பேச்செடுத்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? 'ஏழாம் மதகு' என்று ஒரு நாவல், பிரமாதம், அந்த நீர்க்கட்டி குதிக்கிற இடம் இருக்கிறதே என்று தொடங்குவீர்கள். கதையை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். பக்க எண்ணும் கொடுத்துவிட்டேன். உங்களுக்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு பத்திரிகைக் கட்டுரை போதுமானதாக இருந்தது. வேதகிரியாவது மணலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் செலவழித்தார்.

புத்தகம் என் மேஜைமேல்தான் இருக்கிறது. நூலகத்திலிருந்து நினைவூட்டுக் கார்டு ஒன்று போயிருக்கிறது. எனக்கு அல்ல, ஏ. மலர்க்கொடிக்கு. தவணை முடிந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டதாம். இதைத் திருப்பித் தரும்வரை அவள் வேறு புத்தகம் எடுக்க முடியாதாம். படிக்காமல் திருப்பித் தர வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.